விழாமல் சோதிப்பது

மேடும் பள்ளமும் தாவல்களும் கூர்வளைவுகளும் நிறைந்த மண்தடத்தில் நடைபெறும் இருசக்கர வாகனப் பந்தயமே மோட்டோகிராஸ். அதற்குரிய தலைக்கவசம், பூட்ஸ், கையுறை, மார்புக் காப்பு முதலியவற்றையும் வண்டியில் பொருத்தப்படும் துணைப்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்து மதிப்பிடும் தொழிலில் தொடக்கத்திலேயே ஒரு முரண் இருக்கிறது: ஒரு பொருள் எந்தப் பணிக்காக விற்கப்படுகிறதோ அந்தப் பணியைத்தான் சோதனையாளரால் சோதிக்க இயலாது. தலைக்கவசம் தலையைக் காக்கிறதா என்று அறிவதற்காக எவரும் வேண்டுமென்றே விழப்போவதில்லை. தற்செயலாக விழுந்தாலும், அதே வேகத்தில், அதே கோணத்தில், அதே மண்ணில் வேறொரு கவசத்தோடு மீண்டும் விழுந்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததால், அந்த விழுகையிலிருந்து பொதுமுடிவு எதனையும் பெற முடியாது. விபத்தில் பிழைத்தவர்கள் தாம் அணிந்திருந்த கவசத்துக்கு அளிக்கும் நற்சான்றுகள் நன்றியுணர்வின் வெளிப்பாடு என்ற அளவில் மதிக்கத்தக்கவை. ஆதாரம் என்ற அளவில் அவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு.

மோட்டோகிராஸின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுவது 1924 மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த பந்தயமாகும். ஓட்டியின் தலையில் விழும் அடியை மருத்துவம் முறையாக ஆராயத் தொடங்கியதோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்த, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பறுவை மருத்துவர், இருசக்கர ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, கவசத்தின் தேவையை வலியுறுத்தி 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னர் மோதலை அளக்கும் பணி படிப்படியாக ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாயிற்று. அங்கே இருப்பதே அதற்குப் பொருத்தமும் ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் உலோகத்தாலான தலைமாதிரிக்குக் கவசத்தை அணிவித்து, குறிப்பிட்ட வேகத்தில் உருக்குப் பட்டடைமீது விழச்செய்து, தலைமாதிரிக்குள் பதியும் முடுக்கத்தை அளக்கிறார்கள். ஐரோப்பாவில் வழங்கும் ஈசிஇ 22.06 என்னும் தரவிதியில் அதன் உச்ச வரம்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 275 மடங்கு. அமெரிக்காவின் டாட் விதியில் 400 மடங்கு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து முன்னதே கடுமையானது என்று தீர்ப்புச் சொல்வது கடைகளில் வழக்கமாக இருப்பினும், விழும் வேகம், தலைமாதிரியின் எடை, முடுக்கம் நீடிக்கும் கால அளவு ஆகியவற்றில் இரு விதிகளும் வேறுபடுவதால் அவ்வொப்பீடு அவ்வளவு எளிதாகச் செல்லாது. 22.06இல் உண்மையாகவே புதிதாக வந்தது 45 பாகைச் சாய்வான பட்டடைமீது நடத்தப்படும் சோதனை. தரையில் சாய்வாக மோதும் தலை திடீரெனச் சுழலும்போது மூளை அடையும் கேட்டை அது கணக்கில் எடுக்கிறது. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற இருசக்கரத் தலைக்கவசங்களை மட்டுமே விற்கலாம். தடத்தில் அணியும் கவசத்தைச் சாலையிலும் அணிய நினைப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முழங்கை, முழங்கால் காப்புகளுக்கு இஎன் 1621-1 என்ற ஐரோப்பிய விதி உள்ளது. 50 ஜூல் ஆற்றலோடு எடையொன்றை விழச்செய்து, காப்பைத் தாண்டி அடியில் வந்துசேரும் விசையை அளக்கும்போது, அதன் சராசரி முதல் நிலையில் 35 கிலோநியூட்டனையும் இரண்டாம் நிலையில் 20 கிலோநியூட்டனையும் தாண்டக் கூடாது. மார்புக் காப்பில்தான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். முன்னே செல்லும் வண்டியின் பின்சக்கரம் வாரி இறைக்கும் கல்லையும் மண்ணையும் தடுப்பதற்கான கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு இஎன் 14021 விதிக்கு உட்பட்டது. மோதலைத் தாங்கும் மார்புக் காப்பு இஎன் 1621-3 விதிக்கு உட்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், முன்னதை வாங்கிப் பின்னதை அணிந்திருப்பதாக நம்புவோர் பலர். மதிப்புரை எழுதுபவர் வேறெதையும் சொல்லாவிட்டாலும், உட்புறத் துணிச்சீட்டில் எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையாவது சொல்லிவிடுவது கடமை.

அடியைத் தாங்கும் திறனை ஆய்வுக்கூடம் கவனித்துக்கொள்ளுமானால், தடத்தில் இறங்கும் சோதனையாளருக்கு எஞ்சுவது என்ன? அடி விழும் கணத்தில் அந்தப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்குமா என்னும் கேள்விதான். ஆய்வுக்கூடம் கவசத்தைச் சூட்டிலும் குளிரிலும் ஈரத்திலும் வைத்தெடுத்துச் சோதிப்பது உண்மையே. ஆனால் புழுங்குகிறது என்று வாரைத் தளர்த்திவிடும் ஓட்டியையும், துவைத்துத் துவைத்துத் தளர்ந்த உட்பஞ்சையும் அது அறியாது. இக்காரணத்தால் வசதி என்பது இத்தொழிலில் பாதுகாப்புக்குப் புறம்பான ஒன்றன்று. இறுக்கமும் எரிச்சலும் தரும் காப்பு மூன்றாம் சுற்றிலேயே கழற்றப்பட்டு வண்டிக்கொட்டகையில் கிடக்கும்.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை முதல் சோதனை வண்டியில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். தாடைவாரை இரட்டை வளையத்தில் இறுக்கியபின் கவசத்தை இருகைகளாலும் பற்றி இடவலமாகத் திருப்பினால் நெற்றித்தோல் அதனோடு சேர்ந்து நகர வேண்டும். பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் கவசம் கழன்று வரக் கூடாது. புதிய கன்னப்பஞ்சு சில வார ஓட்டத்தில் அமுங்கிக்கொடுக்கும் என்பதால், கடையில் இதமாக உட்காரும் கவசம் பின்னர் ஆடும். கடையில் கன்னத்தைச் சற்றே நெருக்குவது பெரும்பாலும் சரியான அளவாக அமைகிறது. நெற்றிக்கு மேல் நீண்டிருக்கும் முகட்டுத் தகட்டின் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் இருப்பதைச் சிக்கனமென்று குறைகூறும் மதிப்புரைகள் உண்டு. விழும்போது தகடு தரையில் மாட்டித் தலையைத் திருகிவிடாமல் உடைந்து விலகவே அவை அவ்வாறு அமைக்கப்பட்டன என்பதால், அவற்றுக்குப் பதில் இரும்புத் திருகாணி போடுவதுதான் பிழை.

காகிள்ஸ் எனப்படும் கண்காப்பு, ஓடும்போது ஏறக்குறைய எல்லாத் தயாரிப்புகளிலும் நன்றாகவே இருக்கும். அதன் குணம் வெளிப்படுவது நிற்கும்போது. காற்றோட்டம் நின்றதும் முகத்தின் வெப்பமும் ஈரமும் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து பனிமூட்டமாகின்றன. எனவே வேர்க்க வேர்க்க ஓடியபின் தொடக்கக் கம்பியின் முன் நிற்பதுபோல் வண்டியை நிறுத்தி, மூட்டம் எவ்வளவு விரைவில் படர்கிறது, புறப்பட்டபின் எவ்வளவு விரைவில் விலகுகிறது என்று பார்ப்பதே தக்க சோதனை. முகத்தோடு ஒட்டும் பஞ்சு வியர்வையை எவ்வளவு நேரம் பிடித்துவைத்துப் பிறகு கண்ணில் வழியவிடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். குளிர்நாட்டுத் தடங்களில் எழுதப்பட்ட மதிப்புரைகள் இவ்விடத்தில் கோவைக்கோ சென்னைக்கோ உதவுவதில்லை: அங்கே பாராட்டுப் பெறும் தடித்த பஞ்சு, இங்கே சித்திரை வெயிலில் அரைமணிக்குள் நனைந்து கனத்துவிடுகிறது.

பூட்ஸை மதிப்பிடப் பொறுமை வேண்டும். கணுக்கால் பக்கவாட்டில் மடங்காமல் தடுக்கும் விறைப்பும், கியர் லிவரையும் பிரேக் மிதியையும் பாதம் உணர்வதற்குரிய நெகிழ்வும் ஒன்றோடொன்று பகைப்பவை. புதிய பூட்ஸில் கியர் லிவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கணுக்கால் கீல் பழகியபின் உணர்வு வரும். நாளடைவில் அதே பழக்கம் விறைப்பையும் தின்னத் தொடங்கும். ஒருநாள் ஓட்டத்தை வைத்து எழுதப்படும் பூட்ஸ் மதிப்புரை, இம்மூன்று பருவங்களில் முதலாவதை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. கொக்கிகளில் சேறு புகுந்து இறுகியபின் கையுறை அணிந்த கையால் அவற்றைத் திறக்க முடிகிறதா, ஃபுட்பெக்கின் கூர்பற்கள் அடித்தோலின் நடுப்பகுதியை எவ்வளவு அரிக்கின்றன, தேய்ந்த அடித்தோலை மட்டும் மாற்ற முடியுமா என்பவை நீண்ட பயன்பாட்டில்தான் தெரியவரும். கையுறையில் பார்க்கவேண்டியது உள்ளங்கையின் தையல் ஒன்றே: மடிப்பு விழுந்தால் கொப்புளம் நிச்சயம்.

துணைப்பொருள்களில் மிகுதியான கருத்து வேறுபாடு கைக்காப்பைப் பற்றியது. ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் சுற்றி வளைத்துப் பொருத்தப்படும் அலுமினியக் காப்பு, காட்டுத்தடங்களில் மரத்தில் இடிபடும் விரலையும் லிவரையும் காப்பதால் அங்கே இன்றியமையாதது. தாவல்கள் மிகுந்த மோட்டோகிராஸ் தடத்திலோ, வண்டியை விட்டு உதறி விலக வேண்டிய நொடியில் மணிக்கட்டு அந்த வளையத்துக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே மோட்டோகிராஸ் ஓட்டிகள் முனை திறந்த பிளாஸ்டிக் காப்பையே நாடுகின்றனர். இறைபடும் கல்லைத் தடுப்பதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை. வண்டியின் அடித்தகட்டில் கவனிக்கத்தக்கது அதன் தடிமன் அன்று. அதற்கும் இயந்திரத்துக்கும் இடையே சேறு தங்கி வெப்பத்தை அடைக்கிறதா, தகட்டைக் கழற்றாமலே எண்ணெய் மாற்ற முடிகிறதா என்பவையே.

இவற்றையெல்லாம் சோதிக்கையில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு, ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. புதிய கிரிப்பையும் புதிய கையுறையையும் ஒரே நாளில் போட்டுப் பார்ப்பவர், முன்கை மரத்துப்போனது எதனால் என்று சொல்ல முடியாமல் தவிப்பார். நன்கு பழகிய பழைய பொருளை ஒப்பீட்டுக்காகக் கையோடு கொண்டுசென்று, இரண்டையும் அதே தடத்தில் மாறிமாறி அணிவதும் தேவை; தடத்தின் ஈரம் மாறினால் நினைவு பொய் சொல்லும்.

மதிப்புரையைப் படிப்பவர், பொருள் எத்தகைய மண்ணிலும் வெப்பத்திலும் எவ்வளவு காலம் பயன்படுத்தப்பட்டது, துவைத்த பின் என்ன ஆயிற்று என்னும் விவரங்களைத் தேட வேண்டும்; அவை இல்லாத மதிப்புரையை விளம்பரமாகவே கொள்ளலாம். தற்செயலாக ஓட்டியே விழுந்து, கவசம் பலத்த அடி வாங்கிவிட்டால், அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது: உள்ளே இருக்கும் தெர்மாகோல் வகைப் பொதி ஒருமுறை நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது, மீண்டும் பழைய நிலைக்கு வராது. அடி வாங்காத கவசத்தையும் ஐந்து ஆண்டுகளில் மாற்றுமாறு அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை பரிந்துரைக்கிறது. வெளியோட்டில் கீறல் மட்டுமே தெரிகிறது என்பதற்காக அடிபட்ட கவசத்தைப் பாதி விலைக்கு விற்கவோ பழகவரும் இளையவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். வேறொருவர் எடுத்து அணியாதபடி தாடைவாரைக் கத்தரியால் அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.