வளைந்த பாய்மரம்

துறைமுகத்தில் நான் ஓட்டும் பழைய லேசர் படகு, 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடும் வகை. அதன் பாய்மரம் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு அலுமினியக் குழாய்கள். இழுத்துக்கட்டும் கம்பிகள் கிடையாது. போன மாதம் கழற்றி நூல் பிடித்துப் பார்த்தேன். மேல்குழாய் இணைப்புக்குச் சற்று மேலே ஒரு விரற்கடை வளைந்திருந்தது.

கோடை விடுமுறைக்குப் பேரன் வருகிறான். தனியாக ஓட்டுவானாம். எனக்குப் பயம்.

லேத் பட்டறைக்காரரிடம், "உள்ளே கனமான குழாயா, மேல் வரைக்கும் செருகிடுங்க" என்றேன்.

"வேணாம் சார். காத்து பலமா அடிச்சா மரம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும். இல்லேன்னா படகுதான் கவிழும்" என்றார். அவரும் கடலோரக்காரர்.

நிஜம்தான். மரம் வளைந்தால் பாய் தட்டையாகி, மிஞ்சிய காற்றை விட்டுவிடும்.

குழாயை நிமிர்த்தி, அடியிலிருந்து இரண்டடிக்கு மட்டும் உள்குழாய் வைத்தார். அதன் மேல்முனையைச் சரிவாக வெட்டினார். விறைப்பு சட்டென்று நின்றால் அந்த இடத்தில் ஒடியுமாம். துளை போடாமல் எபாக்ஸி வைத்து ஒட்டினோம். போட்டிக்கு இது செல்லாது, எங்களுக்குப் போதும்.

நேற்று நல்ல காற்றில் நானே ஓட்டிவிட்டு வந்து, மறுபடி நூல் பிடித்தேன். நேராக இருந்தது.

இனி பேரன் பாடு, காற்றின் பாடு.