அறுபது படிகளும் என் முழங்கால்களும்

சுவாமிமலையில் உள்ளது இயற்கையாய் அமைந்த குன்று அன்று, கட்டுமலை. அதன்மேல் எழுந்தருளியிருக்கும் சுவாமிநாதப் பெருமானைத் தரிசிக்க அறுபது படிகள் ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருடங்களின் பெயர்களை அப்படிகள் தாங்கி நிற்கின்றன.

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு கிருத்திகையன்று, நான் இருபதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படியின் பெயர் ‘விய’. செலவு என்று பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வரவும் செலவும் பார்த்தவன் அந்தப் பெயரில் போய் உட்கார்ந்ததை நினைத்து இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. நெஞ்சில் வலி இல்லை. பெரிதாய் மூச்சும் வாங்கவில்லை. தொடைகள் மட்டும் நடுங்கின. அடுத்த படிக்குக் காலைத் தூக்கினால், ஊன்றிய கால் மடங்கிவிடுமோ என்ற அச்சம்.

என்னைக் கடந்து ஓர் அம்மையார் ஏறிச் சென்றார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. இடுப்பில் பூக்கூடை. “என்ன தம்பி, உட்கார்ந்துட்டீங்க? மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் தொடாமலே போய்விட்டார். அறுபத்தைந்து வயதில் ‘தம்பி’ என்று அழைக்கப்பட்டதில் மகிழ்ச்சி கொள்ளும் நிலையில் நான் இல்லை.

சற்று நேரம் கழித்து, கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கீழே இறங்கினேன். நினைவு தெரிந்த நாளாக நான் தரிசிக்காமல் திரும்பியது அன்றுதான். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. ஆதலால் அவள் எப்போதும் கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதியருகில் அமர்ந்திருப்பாள். அவளிடம், “மேலே கூட்டம் அதிகம், இன்னொரு நாள் வரலாம்” என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். புதிதாய் இட்ட விபூதி அதில் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் என் தமையனார் நினைவே வந்தது.

அண்ணா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. “ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்” என்று உறவினர் அனைவரும் சொல்வார்கள். உண்மைதான்; உட்கார்ந்துதான் இருந்தார். காபி கைக்கு வரும். செய்தித்தாள் மடிக்கு வரும். தண்ணீர்ச் செம்பை எடுக்க அவர் எழுந்தால், “நீங்க இருங்க” என்று அண்ணி ஓடி வருவார். கடைக்குப் புறப்பட்டால் மகன் வண்டியை எடுத்துவிடுவான். பூஜையில் மணைப்பலகை போய் நாற்காலி வந்தது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் இதையேதான் செய்தேன். மூத்தவர் எழுந்து நடக்க நாம் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை அன்று என்று நம்பினேன். ஓர் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் எழுந்து நிற்கக் காலில் வலு இல்லை. ஐந்து மாதங்கள் படுக்கையில் கிடந்தார். பிறகு போய்விட்டார்.

எலும்பு முறிந்ததால் போனார் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம். அந்த இரவில்தான் எனக்கு வேறொன்று தோன்றியது. விழுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அன்பின் பெயரால், அவருடைய கால்களை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். இப்போது என் வீட்டில் எனக்கும் அதுவே நடந்துகொண்டிருக்கிறது. 2018இல், நான் பிறந்த விளம்பி வருடம் மீண்டும் வந்தபோது, சஷ்டியப்த பூர்த்தியும் பணி ஓய்வும் ஒருசேர வந்தன. “இனிமேலாவது ஓய்வாக இருங்கள்” என்று வாழ்த்தாதவர் இல்லை. நானும் அந்த வாழ்த்தைச் சிரமேற்கொண்டு, கைவைத்த நாற்காலி ஒன்றில் ஐந்து ஆண்டுகள் கழித்தேன்.

மூத்த மகளிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். “அப்பா, முதலில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்” என்றாள். “நடைப்பயிற்சி போனால் போதாதா?” என்றேன். “நீங்கள் நடந்தா விழப்போனீர்கள்? ஏற முடியாமல்தானே உட்கார்ந்தீர்கள்?” என்றாள். மறுமொழி சொல்ல இயலவில்லை.

இருதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் சொன்னபின், இயன்முறை சிகிச்சை அளிக்கும் பெண்மணி ஒருவரிடம் சென்றேன். என் இளைய மகளைவிட வயதில் சிறியவர். கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றில் என்னை உட்காரச் சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஏழு. “உங்கள் வயது ஆண்களுக்குப் பன்னிரண்டாவது வேண்டும், ஐயா” என்றார். தேர்வில் தோற்ற மாணவனைப் போல் உட்கார்ந்திருந்தேன்.

சுவாமிமலைப் பெருமானுக்குத் தகப்பன்சாமி என்ற திருநாமம் வந்த வரலாற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிரணவப் பொருளைப் பிள்ளை உபதேசிக்க, தந்தை சீடனாய் நின்று கேட்ட தலம் அது. ஆண்டுக்கணக்காய் அவ்வரலாற்றைச் சொல்லிவந்தவன்தான் நான். ஆயினும், பிள்ளைகள் வயதில் உள்ள ஒருவர் ‘எழுந்திருங்கள், உட்காருங்கள்’ என்று ஏவுகையில், உள்ளுக்குள் ஏதோ முரண்டியது. பணியில் இருந்த காலத்தில் நான் ஏவியே பழகியவன்.

அவர் விளக்கியது இதுதான். முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்குமேல் அது விரைவாகக் குறைகிறது. உட்கார்ந்தே இருப்பவருக்கு இன்னும் விரைவு. படி ஏறவும், தரையிலிருந்து எழவும், தடுக்கினால் சமாளித்து நிற்கவும் தொடையும் இடுப்பும்தான் வேண்டும். சமதரையில் மெல்ல நடப்பது நல்லதே. ஆனால் அது மட்டும் அந்தத் தசைகளை மீட்டுத் தராது. வாரத்தில் நூற்றைம்பது நிமிடமாவது ஓரளவு வேகமாக நடக்க வேண்டும் என்பதோடு, முதியோர் வாரத்தில் மூன்று நாளேனும் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறதாம்.

அவர் கொடுத்தவை எளிய பயிற்சிகளே. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுதல், சற்று ஓய்வு, மீண்டும் பத்து முறை. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். நிலைப்படி அருகில் நின்று, பிடிமானம் எட்டும் தூரத்தில் இருக்க, ஒற்றைக் காலில் நிற்றல். முதல் நாள் ஒற்றைக் காலில் நான்கு விநாடிகள் நின்றேன். எண்ணிக்கை அலுப்பூட்டியதால், ஒவ்வொரு எழுச்சிக்கும் ஒரு ‘சரவணபவ’ என்று வைத்துக்கொண்டேன். இதில் அபசாரம் ஏதுமில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு தரை. பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ என்பவரும் அவருடைய குழுவினரும் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உட்கார ஐந்து, எழ ஐந்து என்று மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறந்தவர்கள் மிகுதி என்று 2012இல் வெளியான அவர்களுடைய ஆய்வு சொல்கிறது. அதைப் படித்தபோது, நம் வீடுகளில் பாட்டிமார் கோலம் போட்டதும், பந்தியில் தரையில் அமர்ந்து உண்டதும், சந்நிதியில் விழுந்து வணங்கி எழுந்ததும் கண்முன் வந்தன. உடற்பயிற்சிக்காகவே முன்னோர் இவற்றை ஏற்படுத்தினார்கள் என்று சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வணக்கம் வணக்கத்துக்காகவே. ஆனால், அதை விட்டபோது நாம் விட்டது வணக்கத்தை மட்டுமன்று என்பது தெரிகிறது.

பரணிலிருந்து மணைப்பலகையை இறக்கினேன். முதல் வாரம் பூஜை முடிந்து எழ, பக்கத்தில் முக்காலி ஒன்றை வைத்துக்கொண்டேன். முதலில் ஒருக்களித்து, முழங்கால் ஊன்றி, ஒரு பாதத்தை முன்வைத்து, முக்காலியை அழுத்தி எழ வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பதால், எழுந்தவுடன் நடக்காமல் சில நொடிகள் நிலைத்து நிற்கவும் சொல்லியிருந்தார்கள். முக்காலி இல்லாமல் எழ மூன்று மாதங்கள் ஆயின.

நடைப்பயிற்சியைக் கும்பேசுவரர் கோயில் பிரகாரத்தில் வைத்துக்கொண்டேன். மனைவியும் உடன் வந்தாள், பாடிக்கொண்டே. இதைப் பெருமையாகச் சொன்னபோது அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். “பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு” என்றார். பிறகு நான் இரண்டு சுற்று வருவதற்குள் அவள் ஒரு சுற்று வருவாள், பாட்டை விடாமல். நடுப்பகலில் வேண்டாம் என்றும் எச்சரித்தார். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் கொதிக்கும் கல்லில் வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் எழுந்ததே தெரியாமல் புண்ணாகிவிடும். விடியற்காலைதான் நல்லது.

வீட்டிலும் ஒரு சட்டம் போட்டேன்: என் காபியை நானே சமையலறைக்குப் போய் எடுத்துக்கொள்வேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “அக்கம்பக்கத்தில் என்னைத்தான் சொல்வார்கள்” என்றாள். அவளையும் பயிற்சி செய்யச் சொன்னபோது, “அடுப்படியில் நிற்பதே எனக்குப் போதும்” என்றாள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் தொடை வலுத்தால் வலி தணியும் என்று மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். “அப்பருக்குக் கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே கொடுத்தவர், எனக்குக் கீழ்ச் சந்நிதியில் கொடுக்கமாட்டாரா?” என்றாள்.

நல்ல வாதம். கயிலை நோக்கிச் சென்ற அப்பர் பெருமான், பாதம் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, உருண்டும் சென்றார். இவ்வுடலோடு காண இயலாது என்று அவரைத் தடுத்து, பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்தார் இறைவன். முடியாதவரைத் தேடி அவரே வருவார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மருத்துவர் ஏறக் கூடாது என்று தடுத்தவர்கள், அப்பரைக் காட்டிப் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். ஆயினும் அந்த அப்பர்தான் உழவாரப்படையைக் கையில் ஏந்தி, புல் செதுக்கி, கோயில் வீதிகளைத் துப்புரவு செய்தவர். எண்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது மரபு. “அந்தப் பாதியை விட்டுவிட்டாயே” என்றேன். அவள் பதில் சொல்லாமல் பாட்டைத் தொடர்ந்தாள்.

2024 வைகாசியில் மீண்டும் சுவாமிமலைக்குப் போனோம். முப்பது விநாடிக் கணக்கு அப்போது பதின்மூன்றை எட்டியிருந்தது. கூட்டமில்லாத ஒரு காலை வேளை. விய வருடப் படியில் ஒரு நொடி நின்றேன், களைப்பால் அன்று. முப்பத்திரண்டாம் படியில், விளம்பியில், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அட்சயவில் கால் வைத்தபோது தொடை சூடேறியிருந்தது, நடுங்கவில்லை. மயிலுக்குப் பதிலாகச் சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானையைக் கடந்து, பெருமானை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டிக்கொள்ள எத்தனையோ எண்ணி வந்தவன், எதையும் கேட்கவில்லை.

இறங்குவதுதான் எனக்குக் கடினம். ஏறும்போது மூச்சுக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கு வேலை. உடல் எடை முழுவதையும் மடங்கிய கால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். வலுக் குறைந்த காலை முதலில் இறக்கி, கைப்பிடியை விடாமல், ஒரு படிக்கு இரண்டு காலுமாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்த இளைஞர் இருவர் பொறுமையாக வழிவிட்டுக் கடந்து சென்றார்கள். நாணமாக இல்லை.

கீழே வந்தபோது, மடித்த காகிதத்தில் அவளுக்கான விபூதி கையில் இருந்தது. அவள் நான் வருவதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்திருந்த திண்ணையில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, எழ முயன்றாள். முடியவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள். மறுபடியும் சாய்ந்தாள். மூன்றாம் முறை எழுந்துவிட்டாள்; தூணைத் தொட்டுக்கொண்டு சற்று நின்று, மெல்ல உட்கார்ந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எண்ணினாளோ, நாமம் சொன்னாளோ தெரியாது. அவள் நான்காம் முறையும் எழுந்து உட்காரும் வரையில் நான் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.