தண்ணீர் நின்றால்தான் வாழும் காடு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சேற்று நிலம் என்றாலே ஆகாது. என் தந்தையார் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கான் வெட்டியவர். "தண்ணி நின்னா மரம் செத்துப் போகும்" என்பார். ரப்பருக்கு அது உண்மை. ஆனால், தண்ணீர் வடிந்தால் செத்துப் போகும் காடும் உண்டு என்பதைச் சிங்கப்பூருக்கு வந்த பிறகே அறிந்தேன்.

மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் நீ சூன் சதுப்புக் காடுதான் அது. சிங்கப்பூரில் எஞ்சிய ஒரே பழைய நன்னீர்ச் சதுப்புக் காடு. ஊறிய மண்ணில் மூச்சு விட, மரங்கள் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கின்றன. 1990-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு நன்னீர் நண்டுக்கு இதுவே வீடு. தென் ஜொகூர், சிங்கப்பூர் சதுப்புக் காடுகளைப் பற்றி அறிஞர் கார்னர் 1978-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கண்ட காடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை.

காப்பகம் என்று எல்லை போட்டால் போதாதா? போதாது, வாசகர்களே! எல்லைக்கோடு மரம் வெட்டுபவனைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பக்கத்து நிலத்தில் நிலத்தடி நீர் இறங்கினால், கோடரி படாமலே காடு காய்ந்துவிடும். அதனால்தான் 2010-களில் நடந்த ஆய்வில் செடிகொடிகளையும் மீன்களையும் எண்ணியதோடு, நீர்மட்டத்தையும் அளந்தார்கள்.

பொதுமக்கள் உலாவும் இடமன்று அது. நம்மில் பலர் அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காத ஒன்றுக்காகவும் அக்கறைப்படுவதுதான் பெரிய மனம். சேற்றைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.