வவுச்சர் இல்லாத வலி

'உடம்பு முடியலை' என்று மட்டும் லீவ் லெட்டர் எழுதிப் பாருங்கள். மேனேஜர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்னன்னு போடுப்பா... ஜுரமா, பேதியா?" என்பார். பெயர் இல்லாத வியாதிக்கு லீவ் கிடையாது. ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிய நாட்களில் எனக்கே ஒரு வருஷம் அசதியும் முதுகுவலியும். எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். ரிப்போர்ட் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதனாலோ என்னவோ, அமெரிக்க சிப்பாய்களின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. 1990-91 வளைகுடா யுத்தத்துக்கு ஏறக்குறைய 7 லட்சம் பேர் போனார்கள். தரைச்சண்டை 100 மணி நேரத்தில் முடிந்தது. ஜெயித்துத் திரும்பியவர்களில் குறைந்தது நாலில் ஒருவருக்கு அசதி, மூட்டுவலி, மறதி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு. ரத்தத்தில் ஒன்றும் சிக்கவில்லை. 'எல்லாம் மனசுலதான்' என்று பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

சரி, இதற்கு மருந்தை எப்படிச் சோதிப்பது? சர்க்கரைக்கு மீட்டர் உண்டு. பிரஷருக்குக் கையில் பட்டை சுற்றலாம். இங்கே 'மாடி ஏற முடியுதா, கடைக்குப் போக முடியுதா' என்று கேள்வித்தாள்தான். எங்கள் பாஷையில், வவுச்சர் இல்லாத செலவு. ஆகவே பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்பது கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிதான் காரணம் என்று ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இருந்த 491 பேரைச் சேர்த்தார்கள். நம்ம மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அதே டாக்ஸிசைக்ளின், தினம் 200 மில்லிகிராம், ஒரு வருஷம். 2004-ல் முடிவு வந்தது. நிஜ மாத்திரையில் தேறியவர்கள் சுமார் 18 சதவீதம், டம்மியில் 17. கூடுதல் லாபம், குமட்டலும் வெயில் பட்டால் தோல் எரிச்சலும்! டம்மி மட்டும் இல்லாவிட்டால் 'நூற்றில் 18 பேருக்குக் குணம்' என்று போஸ்டரே ஒட்டியிருப்பார்கள்.

1,092 பேரிடம் உடற்பயிற்சியையும் மனநலப் பயிற்சியையும் சோதித்து, 2003-ல் முடிவு சொன்னார்கள். கொஞ்சம் ஆறுதல், அவ்வளவே.

என்னை உறுத்துவது இன்னொரு மாத்திரை. பிரிடோஸ்டிக்மைன். தசைப் பலவீன நோய்க்குத் தருவது. யுத்தத்தில் நரம்பைத் தாக்கும் விஷவாயுவுக்கு முன்ஜாக்கிரதையாக, எட்டு மணிக்கு ஒன்று என்று விநியோகித்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் விழுங்கியதாகக் கணக்கு. அந்த உபயோகத்துக்கு அப்போது முறையான அனுமதி கிடையாது. சம்மதம் கேட்க வேண்டாம் என்று 1990 டிசம்பரில் தனி விதியே போட்டுக்கொண்டார்கள். நோய்க்கு முக்கியக் காரணம் அந்த மாத்திரையும் பூச்சிமருந்துகளும்தான் என்று 2008-ல் அரசாங்கக் குழு ஒன்றே எழுதியது. நடுவில், 2003-ல், அதே மாத்திரைக்கு முறைப்படி அனுமதியும் தந்தாகிவிட்டது. வேடிக்கைதான்.

டாக்ஸிசைக்ளின் சோதனையில் சேர்ந்தவர்களிடம் மட்டும் ஒழுங்காகக் கையெழுத்து வாங்கினார்கள்.

இப்போது அந்த சிப்பாய்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. எது வயசான மூட்டுவலி, எது யுத்தத்தின் மூட்டுவலி என்று பிரிப்பது இனி மருந்து சோதிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி.