கடைமடையின் குரல்

விலையின்றிக் கிடைக்கிறது என்பதனாலேயே ஒரு மென்பொருள் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையே அதன் உயிர். முகமறியாத பலர் கூடிச் செய்யும் இப்பணியில், பயன்படுத்துவோரின் கருத்தை எவ்வழியில் கேட்டறிவது? தமிழாக்கத் தன்னார்வலனாகச் சில ஆண்டுகள் பங்கேற்றுவரும் எனக்கு, நிரல் எழுதுவதைவிட இவ்வினாவே கடினமாகத் தோன்றுகிறது.

தொடக்கம் என்னவோ எளிமையாகத்தான் இருந்தது. 1991 ஆகஸ்டு 25 அன்று, பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் உருவாக்கிவந்த இயங்குதளத்தைப் பற்றிக் கணினிவழிச் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் எவை பிடிக்கின்றன, எவை பிடிக்கவில்லை என்று அங்கிருந்தோரையே கேட்டார். அவர்களும் கணினி அறிந்தவர்களே; ஆதலால் கேட்பதும் சொல்வதும் ஒரே மொழியில் நிகழ்ந்தன.

இன்று பயனர் அனைவரும் வல்லுநர் அல்லர். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கான்சாபுரம் போன்ற ஊர்களின் திண்ணை வரைக்கும் கட்டற்ற மென்பொருள் வந்துவிட்டது. என் அக்காள் மகள், எழுதுசெயலி ஒன்றில் தமிழெழுத்துகள் சிதைந்து தெரிவதாகக் கூறி அதனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். “குறையைத் தெரிவித்தாயா?” என்றேன். “யாரிடம் சொல்வது மாமா?” என்றாள்.

சொல்வதற்கு இடம் இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர் வழுப் பதிவகம். ஆனால் அங்கே கணக்குத் தொடங்க வேண்டும். மென்பொருளின் பதிப்பெண்ணைக் குறிக்க வேண்டும். என்ன செய்தபோது பிழை நேர்ந்தது என்று படிப்படியாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில், விளக்க வேண்டும். இவ்விவரங்கள் இன்றி நிரலரால் பிழையைக் கண்டறிய இயலாது என்பதும் உண்மையே.

மென்பொருளே பயன்பாட்டைக் கணக்கெடுத்து அனுப்பிவிடட்டும் என்பார் உளர். 2021 மே மாதத்தில், ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் இவ்வாறு தரவு திரட்டும் முன்மொழிவு எழுந்தபோது, பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. டெபியனிலோ பயனர் இசைந்தால் மட்டுமே எந்தத் தொகுப்புகள் பயன்படுகின்றன என்னும் விவரம் செல்கிறது. இதுவே நேர்மையான முறை என்பேன். எனினும், எண்ணிக்கை எது பயன்பட்டது என்று கூறுமேயன்றி, ஒருத்தி ஏன் விலகிப்போனாள் என்று கூறாது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்கொரு நல்ல வழி கண்டது. அதன் பொது உரையாடற் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! தளத்தின் அமைப்பில் மாற்றம் வேண்டுமெனில், அங்கே தமிழிலேயே உரையாடி இணக்கம் காண்பர். பின்னர் அவ்வுரையாடலைச் சுட்டி, பேப்ரிகேட்டர் என்னும் பொதுப் பதிவகத்தில் ஒருவர் கோரிக்கை இடுவார்.

அந்த ‘ஒருவர்’தான் முதன்மையானவர். எங்கள் பகுதிக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்பார் உண்டு. கடைமடை வயலுக்குரியவர் கூட்டத்தில் வாய் திறவாதிருந்தாலும், நீர்பாய்ச்சி வரப்பில் நடந்துசென்று அவர் வயல் காய்வதைக் கண்டுவருவார். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் நிரலர்க்கு உள்ள மதிப்பு, இத்தகைய இடையாளர்க்கு இன்னும் வாய்க்கவில்லை.

அக்காள் மகளின் திரையைப் படமெடுத்து, பதிப்பெண்ணுடன் நானே ஆங்கிலத்தில் பதிவிட்டேன். எந்த எழுத்துரு என்று கேட்டு மறுநாளே ஒருவர் எழுதியிருந்தார்.