நான் நீக்கிய கூட்டுத்தொகை

கோபாலபுரம் சோதனைச் சாவடியை ஒட்டிய சில ஊர்களின் கிணற்று நீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை எழுதியவன் நான். அதிலிருந்த எண்கள் எல்லாம் சரி. முடிவு பொய். தெரிந்தே எழுதினேன்.

நான் புள்ளியியல் படித்தவன். ஆய்வகம் அளந்து தரும் எண்களைப் பார்த்து முடிவு சொல்வது என் வேலை. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமையும் காட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஃபுளோரைடுக்கு வரம்பு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒப்பிட்டேன். எதுவும் தாண்டவில்லை.

ஆனால் குடிப்பவர்களுக்கு எல்லாம் ஒரே குடத்தில்தான் வருகிறது. ஈயம், காட்மியம் இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பவை. ஃபுளோரைடை உடம்பிலிருந்து வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் ஃபுளோரைடு எலும்பில் கூடுதலாகத் தங்கிவிடும்.

இந்தக் கூட்டுப் பாதிப்பைக் கணிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு பொருளின் அளவையும் அதற்குப் பாதுகாப்பானதென்று கொள்ளும் அளவால் வகுத்து, விடைகளைக் கூட்ட வேண்டும். ஈயம் முக்கால், காட்மியம் முக்கால் என்றால் தனித்தனியே இரண்டும் தேறும். கூட்டினால் 1.5. ஒன்றைத் தாண்டினாலே எச்சரிக்கை.

நான் கூட்டிப் பார்த்தேன். பல கிணறுகளில் ஒன்றைத் தாண்டியது. அந்தப் பகுதியை அறிக்கையிலிருந்து நீக்கினேன்.

முதல் காரணம் பயம். பிளாச்சிமடா அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. அந்த ஊரில் 2000இல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலையின் கழிவுச் சேற்றை உரமென்று உழவர்களுக்குக் கொடுத்தார்கள். 2003இல் அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது வெளியே வந்தது. 2004இல் ஆலை நின்றது. அந்த வட்டாரத்தில் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதினால் பல பக்கமிருந்தும் கேள்வி வரும். எதிர்கொள்ளும் துணிவு எனக்கில்லை.

இரண்டாவது கர்வம். வெறும் கூட்டல், பொருள்கள் ஒன்றன் வீரியத்தை மற்றொன்று கூட்டுவதைக் காட்டாது. 2015இல் வெளிவந்த பேய்சியன் கர்னல் மெஷின் ரிக்ரெஷன் போன்ற முறைகள் கலவையை மொத்தமாக ஆராயும். அதற்கு நிறையப் பேரின் உடல்நலத் தகவல் வேண்டும். என்னிடம் இல்லை. கூட்டல் கணக்கை மட்டும் காட்டினால் சக ஆய்வாளர்கள் என்னை மட்டமாக நினைப்பார்கள் என்று எண்ணினேன்.

ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: "ஏனுங்க சார், தனித்தனியா சரின்னு சொல்றீங்க. நாங்க எல்லாத்தையும் சேர்த்துத்தானுங்களே குடிக்கறோம்?"

நான் மறைத்த கணக்கு அதுதான். "எல்லாம் வரம்புக்குள்ளதாம்மா இருக்கு" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அந்த அறிக்கையைக் காட்டி, அதுவரை ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த லாரித் தண்ணீரை நிறுத்தினார்கள். மக்கள் கிணற்றுக்கே திரும்பினார்கள். வரம்புகளை வகுக்கும்போது பெரியவர் ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடிப்பதாகக் கொள்வது வழக்கம். வெயிலில் தென்னந்தோப்பில் வேலை செய்பவருக்கு அது போதாது. கைக்குழந்தைகளுக்கும் அதே நீர். அவர்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டாலும் இந்தத் தண்ணீரால்தான் என்று நிரூபிக்க முடியாது. வெகுகாலம் அதன் பின்னால் ஒளிந்திருந்தேன்.

பிறகு கூட்டுத்தொகையைச் சேர்த்துத் திருத்திய அறிக்கை அனுப்பினேன். பதில் வரவில்லை. லாரியும் வரவில்லை. முறை தெரியாமல் நேர்ந்த பிழை என்று யாரேனும் எனக்காகப் பரிந்து பேசினால் ஏற்காதீர்கள். முறை தெரியும். விடையும் தெரியும். என் பெயரைக் காப்பாற்ற அதை மறைத்தேன்.