காற்றைக் காணும் கண்

தமிழர் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்தனர். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. இவையாவும் உடலிற் பட்டும் மரக்கிளை அசையக் கண்டும் அறிந்தவை. காற்றையே கண்ணாற் கண்டவர் எவருமிலர். அதனை இக்கால விஞ்ஞானிகள் ஒளியால் அளக்கின்றனர் என்று பௌதிகம் பயிலும் நண்பரொருவர் கூறினார். தமிழ் பயிலும் யாமும் அதனை அறியப் புகுந்தோம்.

இவ்வவாவுக்கு வேறொரு காரணமும் உண்டு. எம் தங்கை ஈளை நோயுடையாள். எம் வீடு, ஓயாது வண்டிகள் ஓடும் ஒடுங்கிய தெருவொன்றின் வடசிறகில் உள்ளது. வாடை வீசும் இரவுகளில் அவள் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவாள். தென்சிறகில் வாழ்வோரோ அத்துணைப் புகையில்லை என்பர். தெருவும் ஒன்று, புகையும் ஒன்று. வேற்றுமை எங்ஙனம் வந்தது?

1960-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய தியோடர் மெய்மன் முதல் லேஸரை இயக்கினார். அதிகம் பரவாது நேரே செல்லும் அவ்வொளியை நுண்ணிய துடிப்புகளாக வானிற் செலுத்தும் கருவியே லிடார் ஆகும். காற்றில் மிதக்கும் தூசியிற் பட்டு அவ்வொளியில் மிகச் சிறுபகுதி மீள்கின்றது. சென்று மீள ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு ஆயின், அத்தூசி 1,500 மீட்டர் தொலைவில் உள்ளது. தூசி கருவியை நோக்கி வரின் ஒளியின் அதிர்வெண் கூடும். விலகிச் செல்லின் குறையும். இது டாப்ளர் 1842-இல் உரைத்த விதி. தூசி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்குங்கால் இம்மாறுதல் 15 கோடியில் ஒரு பங்கே. அதனையும் கருவி காட்டிவிடுகின்றது! இருவகை ஒளிகளைச் செலுத்தி, அவற்றுள் ஒன்றை மட்டும் மிகுதியாக விழுங்கும் நச்சுவாயுவின் அளவையும் அறிகின்றனர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இற் கண்டறிந்த ஒளிச்சிதறலைக் கொண்டு வானத்து நீராவியை அளக்கும் லிடாரும் உண்டென்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

ஒரு லிடார் தன் கதிரின் வழியே வரும் வேகத்தை மட்டுமே அறியும். ஆதலின் 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் இரண்டு லிடார்களை வெவ்வேறிடங்களில் நிறுத்தினர். இரு கதிர்களும் சந்திக்கும் இடங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, கட்டாத கோபுரத்தில் ஏறி அளந்தாற்போல் அளந்தனர். தெருக்களில் சுவடறியும் வாயுவை விடுத்து, அது மாளிகைகளிடையே செல்லும் வழியையும் ஆராய்ந்தனர்.

உயர்ந்த கட்டடங்களுக்கிடையே காற்று சுழலும் என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்குவது. வாடை கூரைகளின் மேலே தெற்கு நோக்கிச் செல்லும். தென்சிறகின் முகப்பில் மோதி இறங்கும். பின் தரையோடு வடக்கு நோக்கித் திரும்பும். திரும்புங்கால் வண்டிப்புகையை வாரிவந்து வடசிறகிற் சேர்க்கும். எம் ஐயத்துக்கு விடை இதுவே போலும்! இதனை எடுத்துரைத்தபின் எம் தந்தையார் தங்கையின் கட்டிலைத் தெருவறையினின்று பின்கட்டுக்கு மாற்றினார். அவளுக்கு இப்போது உறக்கம் சிறிது கூடியுள்ளது.

ஆயினும், பின்கட்டு இல்லாத வீட்டார் என் செய்வர்? 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரில் காற்று அசைவின்றி நின்றது. மேலே வெப்பக்காற்று மூடிபோற் கவிய, நிலக்கரிப் புகை போக்கின்றித் தங்கிற்று. மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வாளர் 12,000 வரை என்பர். 1956-இல் அந்நாட்டார் தூய காற்றுச் சட்டம் இயற்றினர். அவர்கள் காற்றுக்குக் கட்டளையிடவில்லை, புகைக்கே கட்டளையிட்டனர்.

லிடார் நோயைக் காட்டுங் கண்ணேயன்றி மருந்தன்று. காற்று எவ்வழிச் செல்லுமென அறிந்து தெருவமைப்பதும், புகையை அதன் பிறப்பிடத்திலேயே குறைப்பதும் மாந்தர் கடன். காணாதவரை அறியோம் என்று சொல்லியிருந்தோம். கண்டபின் வாளாவிருத்தல் தகுமோ?